"காயம் எதுவும் இல்லை"

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் உதவி விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "காயம் ஏதும் பட்டதா அம்மா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "எனக்கென்ன காயம் பிள்ளை? கீறல்கூட இல்லை. இல்லையெண்டு போடுங்கோ" என்றார். 2009 இல் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். பட்டாசு வெடித்தால் இன்றும் கை நடுங்கும். என் பேனை அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டது.

காயம் என்றால் என்ன? காயம் என்ற சொல்லுக்கு உடல் என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால்தானோ என்னவோ, காயம் என்றதும் உடம்பையே பார்க்கிறோம். ஆனால் தமிழில் வேறு சொற்களும் இருக்கின்றன. ஊறு என்றால் தீங்கு. இடையூறு என்பதில் அது இருக்கிறது. புண் உடலுக்கும் வரும், மனமும் புண்படும். வடு, ஆறிய பின்னும் நிற்கும் அடையாளம். வள்ளுவர் நெருப்புச் சுட்டதைப் புண் என்றும், நாக்குச் சுட்டதை ஆறாத வடு என்றும் பிரித்துக் காட்டினார். இன்று மனநல உத்தியோகத்தர்கள் சொல்லும் 'மனவடு'வும் அந்த வடுதான்.

ஆங்கிலத்தில் காயத்தைக் குறிக்கும் 'இன்ஜரி' என்ற சொல் இலத்தீனின் 'இனியூரியா'விலிருந்து வந்தது. 'இன்' என்றால் அல்லாதது. 'யூஸ்' என்றால் உரிமை, நீதி. ஆகவே அதன் வேர்ப்பொருள் அநீதி. பண்டைய உரோமச் சட்டத்தில் ஒருவரை அடிப்பதும் இனியூரியா, அவமதிப்பதும் இனியூரியா.

இது பழங்கதை மட்டுமல்ல. 1883 ஆம் ஆண்டு முதல் எமது நாட்டிலுள்ள தண்டனைச் சட்டக்கோவையும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தருகிறது. ஒருவரின் உடலுக்கோ, மனதுக்கோ, நற்பெயருக்கோ, ஆதனத்துக்கோ சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் எந்தத் தீங்கும் அதில் அடங்கும்.

மறுவாரம் அந்த அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நானும் காயப்பட்ட ஆள்தான் பிள்ளை" என்றார். படிவத்தில் உடற்காயத்துக்கு மட்டுமே கட்டம் இருந்தது. 'வேறு விபரங்கள்' என்ற இடத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அதனால் உதவி கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் 'இல்லை' என்ற பொய் அந்தத் தாளில் இப்போது இல்லை.

சகோதரிகளே, இனி யாராவது காயம் பட்டதா என்று கேட்டால் உடம்பை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். நித்திரையில்லாத இரவுகளையும், ஊரார் சொன்ன சுடுசொல்லையும், இழந்த வீடு வளவையும் சொல்லுங்கள். மனக்காயத்துக்கும் வைத்தியம் உண்டு. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. நீதி மறுக்கப்பட்ட இடமெல்லாம் காயம்தான்.