ஆணையர் உண்டு, அதிகாரம் உண்டா?

புது தில்லி: இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 2001 ஜனவரியில் தில்லிக்கு வந்தபோது, குதுப்மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களில் அவரது சக்கர நாற்காலி செல்வதற்காக மரத்தாலான தற்காலிகச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. விருந்தினர் ஒருவருக்காகச் செய்ய முடிந்ததை இந்நாட்டுக் குடிமக்களுக்கு ஏன் செய்ய முடியவில்லை என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

கால் நூற்றாண்டு ஆகியும் அக்கேள்விக்கு முழுமையான விடை கிடைத்தபாடில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கென 1995-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2016-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. சட்டத்தைக் கண்காணிக்க மத்தியில் தலைமை ஆணையரும், மாநிலங்களில் ஆணையர்களும் உண்டு. இவர்கள் தவிர, தேசிய, மாநில மனித உரிமை ஆணையங்களும் உள்ளன. எனினும், அரசு அலுவலகத்தின் நான்கு படிகள் பலருக்கு இன்னமும் மலையாகவே நிற்கின்றன.

கடந்துபோன காலக்கெடு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள் உள்ளனர். இது மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பின்னர் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடுகளின் வகைகளை ஏழிலிருந்து 21 ஆக உயர்த்தியது.

பணமதிப்பு நீக்க விவகாரத்தால் நாடாளுமன்றம் முடங்கிக் கிடந்த 2016 குளிர்காலக் கூட்டத்தொடரில், கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய சட்டம் இது. மாநிலங்களவை டிசம்பர் 14-இலும், மக்களவை டிசம்பர் 16-இலும் ஒப்புதல் அளித்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகும் வகையில் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. காலக்கெடு 2022 ஜூனில் முடிந்தது.

பரிந்துரைக்கலாம், அவ்வளவே: மாடியில் உள்ள அலுவலகத்துக்கு ஏற இயலாத ஒருவர் மாநில ஆணையரிடம் புகார் அளிக்கலாம். புகார் இல்லாமலேயே ஆணையர் தாமாக முன்வந்தும் விசாரிக்கலாம். அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு.

ஆனால், விசாரணையின் முடிவில் அவர் தருவது உத்தரவன்று, பரிந்துரை. சம்பந்தப்பட்ட துறை 3 மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்க இயலாதெனில், அதற்கான காரணத்தை அதே 3 மாதங்களுக்குள் ஆணையருக்குத் தெரிவிப்பதோடு, பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் தர வேண்டும். தேசிய, மாநில மனித உரிமை ஆணையங்களும் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பரிந்துரைக்கவே இயலும். தேவையெனில் அவை உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ நாடலாம்.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணையர் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ஆணையர்களையே நியமிக்காத மாநிலங்களும் இருந்தன. சீமா கிரிஜா லால் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, மாநிலங்களுக்கு அவகாசம் விதிக்க நேர்ந்தது.

வழிகாட்டுதலா, விதியா?: ஆணையர்களின் கையைக் கட்டிய மற்றொரு முடிச்சு, சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளிலேயே இருந்தது. கட்டடம், பேருந்து, இணையதளம் ஆகியவற்றுக்கான பல்வேறு வழிகாட்டுதல்களை 15(1)-ஆவது விதி பட்டியலிட்டது. ஆனால், அவற்றில் பல 'செய்யலாம்', 'செய்வது நல்லது' என்ற தொனியிலேயே அமைந்திருந்தன.

இதன் விளைவை ஒரு சாய்தளத்திலேயே காணலாம். ஓரடி உயரம் ஏறுவதற்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதே உயரத்துக்கு நான்கடியில் சிமெண்ட் பூசிவிட்டால் கணக்கில் சாய்தளம் இருக்கும். சக்கர நாற்காலி ஏறாது. அளவு கட்டாயமாக்கப்படாதவரை, அந்தப் பொறியாளரிடம் விளக்கம் கேட்கும் ஆணையருக்குச் சட்டத்தின் துணை குறைவு.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கு, இந்த முடிச்சை அவிழ்த்தது. 2017 டிசம்பரில் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்த உச்ச நீதிமன்றம், அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்பதை ஆராயும் பொறுப்பைப் பின்னர் ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்திடம் ஒப்படைத்தது. அதன் அறிக்கையைப் பரிசீலித்து, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பளித்தது. 15(1)-ஆவது விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்றும், எவரும் மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மத்திய அரசு 3 மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் அமர்வு கூறியது. மீறுவோருக்கு அபராதம் விதிப்பது, பணி நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது ஆகியவற்றையும் செயல்படுத்த உத்தரவிட்டது.

சலுகையல்ல: தொடக்கத்திலேயே திட்டமிட்டால் எத்தனை எளிது என்பதற்குத் தில்லி மெட்ரோ சான்று. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் நிலையங்களில் மின்தூக்கியும், பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் தடமும் உள்ளன. முதியவர்களும் கர்ப்பிணிகளும் சுமையோடு வருவோரும் அதே மின்தூக்கியைத்தான் பயன்படுத்துகின்றனர்.

அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியல், இம்மக்களை 'நிவாரணம்' பெறுவோராகவே குறிப்பிடுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, சமூகத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வதை அவர்களது உரிமை என்கிறது. பள்ளிக்கும் வாக்குச் சாவடிக்கும் நீதிமன்றத்துக்கும் செல்ல இயலாதவருக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

தில்லியில் விதி வகுக்கப்பட்டாலும், கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது உள்ளாட்சி அமைப்புகளே. அணுகல் விதிகளுக்கு உள்படாத வரைபடத்துக்கு அனுமதியோ, கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழோ தரக் கூடாது என்று சட்டத்தின் 44-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. முதல் முறை மீறினால் ரூ.10 ஆயிரம் வரையும், மீண்டும் மீறினால் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு வழி செய்கிறது. அந்தச் சான்றிதழில் கையெழுத்திடும் நகராட்சிப் பொறியாளர் ஒருமுறை பேனாவைக் கீழே வைத்தால், ஆணையரின் பத்துப் பரிந்துரைகள் செய்யாததை அது செய்துவிடும்.