ஜப்பான்காரங்க சம்பளத்தை என்ன பண்றாங்க தெரியுமா?

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு '5எஸ்', 'கைசென்' போர்டு எல்லாம் புதுசு இல்ல. ஆனா அதே ஒழுங்கை ஜப்பான்காரங்க வீட்டுப் பணத்துலயும் வெச்சிருக்காங்க.

பயிற்சிக்காக மூணு வாரம் நகோயா போயிருந்தேன். முதல் நாள் ஹோட்டல்ல டிப்ஸ் வெச்சுட்டு வந்தா, பரிமாறின பொண்ணு தெரு வரைக்கும் ஓடி வந்து திருப்பிக் கொடுத்துட்டாங்க! அங்க டிப்ஸ் பழக்கமே இல்ல.

என்கூட வேலை பார்த்தவர் சம்பளத்தை அப்படியே மனைவிகிட்ட கொடுத்துட்டு, கைச்செலவுக்கு மட்டும் வாங்கிப்பார். அதுக்குப் பேரு 'ஒகொசுகாய்'. எல்லா வீட்லயும் இல்லன்னாலும், அங்க இது பழைய வழக்கம்.

அவர் வீட்ல 'ககேபோ'ன்னு ஒரு கணக்கு நோட்டு. 1904-ல ஹானி மோடோகோ என்ற பெண் பத்திரிகையாளர் கொண்டு வந்த முறை. நாலே கேள்விதான்:

1. கையில எவ்வளவு இருக்கு?
2. எவ்வளவு சேமிக்கணும்?
3. எவ்வளவு செலவாகுது?
4. இன்னும் எப்படிச் சரி பண்ணலாம்?

பூந்தமல்லி திரும்பினதும் நானும் எழுத ஆரம்பிச்சேன். 32,000 ரூபாய் சம்பளத்துல, சாப்பாடு ஆர்டர் பண்ணினதுக்கு மட்டும் 4,600 போயிருந்தது!

அம்மாகிட்ட நோட்டைப் பெருமையா காட்டினேன். அவங்க பீரோவிலிருந்து பழைய பால் கணக்கு டைரிகளை எடுத்து வெச்சாங்க. "இதைக் கத்துக்கவா பிளேன் ஏறின?"

என் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்ததுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இந்த மாசம் சம்பளம் விழுந்ததும், இஎம்ஐ போறதுக்கு முன்னாடி, அந்த நாலு கேள்விக்கும் கையால பதில் எழுதிப் பாருங்க. எழுதுற முறையை நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன்.