அளவு நாடா யார் கையில்?

அழகிப் போட்டி என்ற செய்தி வரும்போதெல்லாம் நம் நாட்டில் இரண்டு கூச்சல் எழும். ‘பண்பாடு போயிற்று, பரம்பரை மானம் போயிற்று’ என்று ஒரு கூட்டம் மார்பில் அடித்துக்கொள்ளும். ‘முன்னேற்றம் வந்தது, நாகரிகம் வந்தது’ என்று மற்றொரு கூட்டம் கை தட்டும். இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் போலத் தோன்றும். ஆனால் இருவர் பார்க்கும் வேலையும் ஒன்றுதான். பெண்ணின் உடம்பின்மேல் துணி எத்தனை அங்குலம் என்று அளப்பதே அந்த வேலை!

நாம் அங்குலக் கணக்குக்குப் போகவில்லை. நமது கேள்வி ஒன்றே ஒன்று: மேடையில் நிற்கும் அந்தப் பெண் உடுத்தியிருக்கும் நீச்சலுடையைத் தேர்ந்தெடுத்தவர் யார்?

சிவகாசியில் லேபிள் அடிக்கும் தோழருக்கும், சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டும் தாய்மாருக்கும், விருதுநகரில் மூட்டை தூக்கும் தோழருக்கும் இந்தக் கேள்வியால் ஆகப்போவது என்ன என்று எண்ணவேண்டாம். ஆகவேண்டியது உண்டு. முதலில் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்றொரு கடற்கரை நகரம். கோடை முடிந்தால் கூட்டம் கலையும். ஓட்டல் அறைகள் காலியாகும். இன்னும் சில நாள் கூட்டத்தை நிறுத்திவைக்க வழி தேடினார்கள் அவ்வூர் வியாபாரிகள். 1921-இல் பிறந்தது அழகிப் போட்டி. குளியல் உடையில் பெண்களை நிறுத்தினார்கள், கூட்டம் நின்றது, கல்லாவும் நிறைந்தது.

1946-க்கு வாருங்கள். பசிபிக் கடலில் பிக்கினி என்ற பவளத்தீவு. அங்கே வாழ்ந்த 167 பேரை அமெரிக்க அரசு வெளியேற்றியது. ஜூலை 1-இல் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. நான்கே நாட்களில் பாரிஸ் நகரத்தில் லூயி ரெயார் என்பவர் இரண்டு துண்டு நீச்சலுடை ஒன்றை வெளியிட்டு, அதற்கு ‘பிகினி’ என்று பெயர் சூட்டினார். வீடிழந்த மக்களின் ஊர்ப் பெயர் விற்பனைச் சரக்கின் பெயராயிற்று! வெடி என்றால் என்ன என்று நமது மாவட்டத்துக்குத் தெரியும். ஆகையால் இந்தப் பெயர் சூட்டலின் கொடுமை நமக்கு நன்றாகவே விளங்கும்.

1950-இல் மிஸ் அமெரிக்காவாக முடிசூட்டப்பட்டவர் யோலண்டா பெட்பீஸ். நன்றாகப் பாடக்கூடியவர். ‘நான் பாடகி. நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய் நிற்கமாட்டேன்’ என்ற நிலையில் உறுதியாக இருந்தார். போட்டிக்குப் பணம் கொடுத்த கேட்டலினா நீச்சலுடைக் கம்பெனி சும்மா இருந்ததா? உறவை முறித்தது, 1952-இல் லாங் பீச் நகரில் ‘மிஸ் யுனிவர்ஸ்’ என்ற புதுப் போட்டியையே தொடங்கிவிட்டது. உடையைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? ஒரு பெண் ‘மாட்டேன்’ என்றாள். முதலாளி வேறு மேடை போட்டான்!

அந்த முதல் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் சென்றவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பந்தநல்லூர்ப் பாணியில் பரதம் பயின்றவர், பிற்காலத்தில் ஒடிசி நடனத்தை உலகுக்குக் காட்டியவர். அத்தகைய கலைஞரும் அந்த மேடையில் நீச்சலுடையில் நின்று மதிப்பெண் வாங்கவேண்டியிருந்தது. அவரை நாம் குறை சொல்லவில்லை. மேடையின் விதியைத்தான் சொல்லுகிறோம்.

அதே 1952-இல் இன்னொரு இந்தியப் பெண்ணும் நீச்சலுடை அணிந்தாள். கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாஹா, வயது 11. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தினாள். 1959-இல் 16 மணி நேரத்துக்கு மேல் நீந்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தாள். அதைச் செய்த முதல் ஆசியப் பெண் அவள்தான். அங்கே அளவு நாடாவுக்கு வேலை என்ன? உடம்பை யாரும் அளக்கவில்லை; அவள் கடலை அளந்தாள்! நீச்சலுடைக்கு நாம் பகைவர் அல்லர் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நீந்துகிறவள் தனக்கு ஏற்றதைத் தேர்ந்து உடுத்தினால் அது உடை. விற்கிறவன் தேர்ந்து உடுத்தச் சொன்னால் அது லேபிள்.

எதிர்ப்பு எழாமலா இருந்தது? 1968-இல் அட்லாண்டிக் சிட்டியிலேயே பெண்கள் திரண்டார்கள். இறுக்கும் கச்சைகளையும் குதிகால் உயர்ந்த செருப்புகளையும் குப்பைத் தொட்டியில் எறிந்தார்கள். ஓர் ஆட்டுக்கு அழகிப் பட்டம் சூட்டி எள்ளி நகையாடினார்கள். சரியாக 50 ஆண்டு கழித்து, 2018-இல், மிஸ் அமெரிக்காக்காரர்கள் நீச்சலுடைச் சுற்றைக் கைவிட்டார்கள். உலக அழகிப் போட்டிக்காரர்கள் 2014-இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலோ, 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி. நடிகர் அமிதாப் பச்சனின் கம்பெனி ஏற்பாடு. இடதுசாரி மாதர் இயக்கங்களும் எதிர்த்தன. மதவாத அமைப்புகளும் எதிர்த்தன. நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்திக்கொண்டு, மற்றதைப் பெங்களூரிலேயே முடித்தார்கள். இடையில் மதுரையில் ஓர் இளம் தையல் தொழிலாளி தீக்குளித்து மாண்டார். நெஞ்சு பதைக்கிறது! துணி தைத்துப் பிழைத்தவரின் உயிர் போயிற்று. போட்டி குறித்த நாளில் நடந்தது. எந்த முதலாளியின் மேடைக்காகவும் தொழிலாளியின் உயிர் போகக்கூடாது. போராடுவதற்கு நாம் உயிரோடு இருக்கவேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பட்டாசுப் பெட்டியின்மேல் சினிமா நடிகை சிரிக்கிறார். உள்ளே இருக்கும் சரத்தைப் பின்னிய பெண்ணின் முகம் எந்தப் பெட்டியிலும் இல்லை. மேலே எந்தப் படம் என்று தீர்மானிக்கிறவர் சரக்கை விற்கிறவர். உள்ளே இருப்பவளுக்கு என்ன கூலி என்று தீர்மானிக்கிறவரும் அவரே. இரண்டு பெண்களும் ஒரே பெட்டியில் இருக்கிறார்கள்!

அவளுக்கும் உடைத் தேர்வு உண்டு, தோழர்களே! வேலைக்கு வண்டி ஏறும் ஒவ்வொரு காலையிலும் உண்டு. மருந்து அறைக்குள் பருத்தி ஆடைதான் ஆகும் என்பது பாதுகாப்பு விதி. காரணம் எளிது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணி உராய்ந்தால் மின்சாரம் பிறக்கும்; ஒரு பொறி பறந்தால் போதும். தீப்பற்றினாலோ அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நீச்சலுடைக்கு நைலான் தகும்; தண்ணீரில் பொறி பறப்பதில்லை. மருந்து அறைக்குத் தகுமா?

தகாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர் சேலை. பருத்திச் சேலைக்கு விலை கூடுதல். அவள் உடையைத் தேர்ந்தெடுப்பது அவள் வாங்கும் கூலி! கரிசலில் பருத்தி விளையும் மாவட்டம் இது. இராசபாளையத்தில் நூல் நூற்கும் மாவட்டம். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்யும் மாவட்டம். காயத்துக்குப் பருத்தி கிடைக்கிறது. காயம் படாமல் காக்கப் பருத்தி கிடைக்கவில்லை!

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 38-க்குக் குறையாத உயிர்களை இழந்தோம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கு மேற்பட்டோரை இழந்தோம். அவற்றுக்கு உடைதான் காரணம் என்று நாம் கூறவில்லை. பொறி எந்த வழியாக வரக்கூடுமோ, அந்த வழிகளையெல்லாம் அடைக்கவேண்டும் என்கிறோம். ஆலை ஒவ்வொன்றும் மருந்தோடு புழங்கும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு இரண்டு பருத்தி உடையாவது தன் செலவில் கொடுக்கட்டும். சங்கத் தோழர்கள் போனஸ் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அது நம் வீட்டைப் பற்றியது. முதலாளி கையிலுள்ள அளவு நாடாவைப் பிடுங்குகிற நாம், அதை நம் இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா? மகள் ஓட்டப் பந்தயத்துக்குக் கால்சட்டை கேட்டால் முகம் சுளிக்கலாமா? நீச்சல் பழகவேண்டும் என்றால் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று தடுக்கலாமா? கம்பெனிக்காரன் குறைக்கச் சொல்லுகிறான். நாம் கூட்டச் சொல்லுகிறோம். அவளை யாரும் கேட்கவில்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

உடுத்துகிறவள் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுக்கப் போதுமான கூலி அவள் கைக்கு வரட்டும். அதற்கு நாம் துணை நிற்போம்.