ஒரு தொழிலாளர் பிரதிநிதியின் மறைவு

நமது அச்சுக்கூடத்தில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் எழுத்துக் கோத்த நண்பர் சென்ற வாரம் காலஞ்சென்றார். மேடையேறிப் பேசியவரல்லர், ஊர்வலங்களின் முன்வரிசையில் நின்றவருமல்லர். எனினும், ஊழியர் சங்கத் தேர்தல் வந்தபோதெல்லாம் தோழர்கள் அவரையே தங்கள் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தனர். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. அவ்விருப்பத்தை இன்றும் மதித்துப் பெயர் கூறாது விடுகிறோம்.

ஈய எழுத்துக்களை வலமிடம் மாறிய நிலையிலேயே பிழையறப் படிப்பது அச்சுக் கோப்போரின் வித்தை. தம்மிடம் வந்த முறையீடுகளையும் அவர் இருபுறமும் படித்தார். தவறு தொழிலாளியுடையதாயின் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஆதலால் அவர் மாடிப்படி ஏறி நிர்வாகியின் அறைக்குச் சென்றாரெனில், விஷயத்தில் நியாயம் இருக்கிறதென்பது அங்குள்ளோர்க்கு முன்னரே விளங்கிவிடும்.

சங்கம் சேர்வதே குற்றமெனக் கருதப்பட்ட காலமொன்று இருந்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின்னர், ஆலை நிர்வாகம் அதன் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அத்தகைய வழக்குகளினின்று சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இவ்வரலாற்றை அவர் புதிதாக வரும் இளைஞர்க்கெல்லாம் தேநீர் வேளையில் கூறுவார். உரிமை எளிதில் வந்ததன்று என்பதை அவர்கள் உணர வேண்டுமென்பது அவர் கருத்து.

மேற்பார்வையாளர் பதவி இருமுறை அவரைத் தேடி வந்தது. 1956-ல் திருத்தப்பெற்ற தொழில் தகராறுச் சட்டப்படி, குறித்த தொகைக்குமேல் சம்பளம் பெற்ற மேற்பார்வையாளர் அந்நாளில் தொழிலாளி எனும் வரையறைக்குள் வரவில்லை. அதை ஏற்றால் தோழர்களுக்காகப் பேச இயலாதென்று இருமுறையும் மறுத்தார். அப்போது அவர் வீட்டில் மணப்பருவத்தில் இரு பெண்கள் இருந்தனர் என்பதை நாம் அறிவோம்.

கணினி வந்து ஈய எழுத்துக்கள் உருக்கப்பட்ட நாட்களில் அச்சுக்கூடமே கலங்கிற்று. அவர் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. பழைய தொழிலாளர் புதிய வேலையைக் கற்கச் சம்பளத்துடன் அவகாசம் கேட்டுப் பெற்றார். கண் மங்கிய ஒரு முதியவருக்கு, சம்பளம் குறையாமல் கட்டுப் பிரிவில் இடம் வாங்கித் தந்தார். மற்றவர் யாவரும் பழகிய பின்னரே தாம் விசைப்பலகைமுன் அமர்ந்தார்.

அவர் கேட்டு நிறைவேறாத ஒன்றும் உண்டு. நள்ளிரவில் பத்திரிகைக் கட்டுகளை லாரியில் ஏற்றும் ஒப்பந்தக் கூலியாட்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டுமென்று பன்முறை வாதாடினார். நிர்வாகம் தடுக்கவில்லை; நிரந்தர ஊழியராகிய நாமே தயங்கினோம். நம் சலுகைகள் பங்கிடப்படுமோ என்று அஞ்சினோம். அதை இங்கு மறைத்தெழுதுவது அவருக்கு மரியாதை ஆகாது.

அவர் உடலை வண்டியில் ஏற்றத் தோள் கொடுத்தோரில் அக்கூலியாட்கள் பலர் இருந்தனர். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அவர் படத்துக்கு மாலை சூட்டப்படும். அதே கூட்டத்தில் அத்தோழர்களின் பெயர்களும் உறுப்பினர் பதிவேட்டில் ஏறட்டும். நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் அதுவே.