கண்ணுக்கும் காதுக்கும் வழிகாட்டும் தலைப்பு

நாளிதழைக் கையில் எடுக்கும் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அதனை வரிசையாகப் படிப்பதில்லை. தலைப்புகளின்மீது கண்களை ஓடவிட்டு, தமக்கு வேண்டிய செய்தியை அடைந்ததும் நின்று படிக்கிறார். இணையப் பக்கங்களையும் மக்கள் பெரும்பாலும் அவ்வாறே படிக்கின்றனர். எனவே, இணையப் பக்கத்தை உருவாக்குவோர் தலைப்புகளை முறையாக அமைப்பது இன்றியமையாததாகும்.

இணையப் பக்கங்கள் 'எச்டிஎம்எல்' எனும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்பதை உலாவிக்கு அறிவிப்பவை குறிச்சொற்கள். வையவிரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1991ஆம் ஆண்டில் இம்மொழியின் குறிச்சொற்களை விளக்கியபோதே தலைப்புக்கென ஆறு நிலைகளை வகுத்திருந்தார். 'எச்1' முதல் 'எச்6' வரையிலான அக்குறிச்சொற்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

டிங்கிக் காய்ச்சலைப் பற்றிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'டிங்கிக் காய்ச்சல்' என்பது முதல் நிலைத் தலைப்பு. 'பரவும் முறை', 'அபாய அறிகுறிகள்', 'தடுக்கும் வழிகள்' ஆகியவை இரண்டாம் நிலைத் தலைப்புகள். 'தடுக்கும் வழிகள்' என்பதன்கீழ் வரும் 'வீட்டில்', 'பள்ளியில்' என்பவை மூன்றாம் நிலைத் தலைப்புகள். இவ்வாறு அமைத்தால், எந்தக் கருத்து எதற்குள் அடங்குகிறது என்பது தெளிவாகும்.

சிலர் குறிச்சொல்லைப் பயன்படுத்தாமல், எழுத்தைப் பெரிதாக்கியும் தடிப்பாக்கியும் தலைப்பைப் போலத் தோன்றச் செய்கின்றனர். பார்வையுள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால், பார்வையற்றோருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரியது.

பார்வையற்றோர் பலர் திரைவாசிப்பு மென்பொருளின் உதவியுடன் கணினியைப் பயன்படுத்துகின்றனர். அது திரையில் உள்ளவற்றை ஒலியாக மாற்றிக் கூறும். 'என்விடிஏ' அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் அதனை உருவாக்கத் தொடங்கினார். அது இலவசமாகக் கிடைக்கிறது. அம்மென்பொருளில் 'எச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம். எண் 2ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பை அடையலாம். தலைப்பை வாசிக்கும்போது அதன் நிலையையும் மென்பொருள் சேர்த்தே அறிவிக்கும்.

காய்ச்சலால் துன்புறும் குழந்தையின் அருகில் பார்வையற்ற தாய் ஒருவர் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். குழந்தை ஓயாமல் வாந்தி எடுக்கிறது; வயிறு கடுமையாக வலிக்கிறது என்று அழுகிறது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்பதை அவர் அறிய விரும்புகிறார். தலைப்புகள் குறிச்சொற்களால் அமைந்திருந்தால், ஓரிரு விசைகளை அழுத்தியதும் 'அபாய அறிகுறிகள்' எனும் பகுதியை அடைந்துவிடுவார். வெறும் தடித்த எழுத்துகளாக இருந்தாலோ, கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரிடும். அலங்காரமாகத் தோன்றும் ஒன்று அவசர வேளையில் எவ்வளவு முக்கியமாகிவிடுகிறது!

தலைப்புகளை அமைக்கும்போது சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். முதலாவதாக, பக்கத்தின் மையக்கருத்தைக் கூறும் முதல் நிலைத் தலைப்பு ஒன்றே இருப்பது நன்று. இரண்டாவதாக, இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குத் தாவக்கூடாது; அவ்வாறு தாவினால், இடையில் ஏதோ விடுபட்டுவிட்டது எனக் கேட்பவர் குழம்புவார். மூன்றாவதாக, எழுத்தின் அளவுக்காக ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. அளவையும் வண்ணத்தையும் தனியே மாற்றிக்கொள்ள வழியுண்டு. நான்காவதாக, 'மேலும் சில தகவல்கள்' போன்ற பொதுவான தலைப்புகளைத் தவிர்த்து, உள்ளடக்கத்தை நேரடியாகச் சுட்டும் சொற்களைப் பயன்படுத்த வேண்டும். தேடுபொறிகளும் பக்கத்தின் பொருளை அறிந்துகொள்ளத் தலைப்புகளைத் துணையாகக் கொள்கின்றன.

இம்முறை இணையப் பக்கங்களுக்கு மட்டும் உரியதன்று. மாணவர்கள் கணினியில் தட்டச்சு செய்யும் இடுபணிகளுக்கும் இது பொருந்தும். சொற்செயலி மென்பொருளில் தலைப்புக்கென்றே நிலைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால், பொருளடக்கத்தை மென்பொருளே ஆயத்தம் செய்துவிடும். திரைவாசிப்பு மென்பொருளும் தலைப்புகளை அடையாளம் காணும்.

ஒரு தலைப்பைச் சரியாகக் குறிப்பதற்குச் சில நொடிகளே தேவைப்படுகின்றன. அச்சிறு முயற்சி, கண்ணால் படிப்பவருக்கும் காதால் படிப்பவருக்கும் தகவலைச் சமமாகக் கொண்டு சேர்க்கிறது.