குண்டடிபட்டவனைத் தேடிப் போன பன்னிரண்டு பேர்

மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் வழியாக வண்டியை விட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தவாசி வந்துவிடும். இந்தியாவை ஆளப்போவது ஆங்கிலேயனா, பிரெஞ்சுக்காரனா என்ற வழக்கு 1760 ஜனவரி 22 அன்று ஏறக்குறைய முடிவுக்கு வந்தது அந்த ஊருக்கு வெளியில்தான். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஜெயித்தார், பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார், அவருடைய சகா புஸ்ஸி பிடிபட்டார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அன்று அடிபட்டுக் கிடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லவில்லை. நாமும் வாத்தியாரைக் கேட்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இந்தச் சண்டையை விரிவாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குளத்தின் கரையை அரணாக்கி அங்கே பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். ஆங்கிலேயர் சுட்ட குண்டு அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் விழுந்தது. ஒரே வெடிப்பில் சுமார் 80 பேர் செத்தும் குற்றுயிருமாகச் சரிந்தார்கள். அந்தக் குழப்பத்தில் குளக்கரையைப் பிடிக்கப் படையோடு பாய்ந்தவர் மேஜர் பிரிரட்டன். குண்டு பட்டு விழுந்தார். தூக்க வந்த வீரர்களிடம், தன்னை விட்டுவிட்டு முன்னால் போய் ஜெயிக்கச் சொன்னாராம்.

வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அவரைத் தூக்கியிருந்தாலும் எங்கே கொண்டுபோயிருப்பார்கள்? குண்டைத் துழாவி எடுக்க இடுக்கி, கையையோ காலையோ அறுக்க ரம்பம். மருத்துவர் கையில் இருந்தது அவ்வளவுதான். ஈதர் மயக்கம் வருவதற்கு இன்னும் 86 வருடம். கிருமி கொல்லும் மருந்தோடு லிஸ்டர் வருவதற்கு 107 வருடம். கம்பெனிப் படையில் டோலி தூக்குவதற்கென்றே நம்மூர் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் தோளில்தான் காயம்பட்டவன் ஊர்போய்ச் சேர வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரும் நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வந்தவாசி முடிந்த சில வாரங்களில் கூட்டின் படை திண்டிவனத்துக்குக் கிழக்கே இருக்கும் பெருமுக்கல் மலைக்கோட்டையைத் தாக்கியது. அங்கே கூட்டுக்கே முழங்காலில் குண்டு பட்டது. தளபதி ஆயிற்றே, பிழைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருடம் கழித்து சென்னையில் இறந்தார். அதே மலையில் அதே நாளில் குண்டுபட்ட சாதாரணச் சிப்பாயின் முழங்கால் என்ன ஆயிற்று என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

போரில் புண்பட்டவனைப் பற்றி நம் பழைய புலவர்களுக்கு அக்கறை இருந்திருக்கிறது. மார்பில் பட்ட வெட்டை நெடிய ஊசியால் தைத்த தழும்பு பதிற்றுப்பத்தில் வருகிறது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்க வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகைத் தூவி, புகை போட்டுப் பாடும் மனைவி புறநானூற்றில் வருகிறாள். பிற்பாடு அந்த அக்கறை எங்கே போயிற்றோ தெரியவில்லை. செங்கம், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் நடுகற்கள் நிற்கின்றன. விழுந்தவனுக்குத்தான் கல். விழுந்தவனைத் தூக்கிப் பிழைக்க வைத்தவனுக்குக் கல் நட்டதாக நான் எங்கும் பார்த்ததில்லை.

அப்படி ஒரு கல் நடுவதென்றால் முதலில் நடவேண்டியது ஏ.ஜி. ரங்கராஜுக்கு. பெயரில் ஆற்காட்டைச் சுமந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் என்று சொன்னால் நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

1950-ல் கொரியப் போர் மூண்டபோது நேருவின் அரசு சண்டையிடப் படை அனுப்ப மறுத்தது. அதற்குப் பதிலாக ஒரு மருத்துவப் படையை அனுப்பியது: 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் அறுவை மருத்துவர்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள், ஒரு பல் மருத்துவர்கூட உண்டு. நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். வடக்கே பியோங்யாங் போய்ச் சேர்ந்தார்களோ இல்லையோ, சீனப்படை வெள்ளமாக உள்ளே வந்துவிட்டது. எல்லோரும் பின்வாங்க வேண்டும். ஏற்றிப்போக வண்டி கிடையாது. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்புங்கள் என்று உத்தரவு.

ரங்கராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. கருவி இல்லாத மருத்துவன் அங்கே இன்னொரு அகதி, அவ்வளவே. ரயில் நிலையத்தில் கைவிடப்பட்ட பழைய நீராவி இன்ஜின் ஒன்றும் சில பெட்டிகளும் கண்ணில் பட்டன. இன்ஜினை இயக்கத் தெரிந்த ஓரிரண்டு ஜவான்களும் கூட்டத்தில் இருந்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர்? வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். அறுவை சிகிச்சைக் கத்தி முதல் மருந்துப் பெட்டி வரை ஏற்றிக்கொண்டு அந்த ரயில் தேதோங் ஆற்றைக் கடந்தது. கொஞ்ச நேரத்தில் எதிரி வரக்கூடாதென்று பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

அதைவிடப் பெரிய காரியம் 1951 மார்ச் 23-ல் நடந்தது. அமெரிக்க வான்குடைப் படை முன்சான்-னி என்ற இடத்தில் குதித்தது. அவர்களோடு பன்னிரண்டு இந்தியர்களும் குதித்தார்கள், ரங்கராஜ் தலைமையில். சுட அல்ல, சுடப்பட்டவர்களுக்காக. தரையில் கால் பட்டதும் சிகிச்சை முகாம் போட்டு, குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே அறுவை செய்தார்கள். காயம்பட்டவன் மருத்துவரைத் தேடி வந்த காலம் போய், மருத்துவர் அவனைத் தேடி வானத்திலிருந்து இறங்கிய நாள் அது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தப் பிரிவு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கொரியாவில் இருந்தது. ஏறக்குறைய 2,300 அறுவைகள், உள்ளூர் மக்களையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை என்று கணக்கு. பிற்பாடு அதே மனிதர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கப் போனார்.

முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்து மக்களின் நன்கொடையில் ஓடிய ‘மெட்ராஸ்’ என்ற மருத்துவக் கப்பலையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் அதில் அறுவை மருத்துவராக வேலை பார்த்தவர். அவருடைய அரசியலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். கப்பலைப் பற்றி எழுத ஆளைக் காணோம்.

நெப்போலியனின் மருத்துவர் லாரே, பறக்கும் ஆம்புலன்ஸ் என்று குதிரை வண்டியைச் சண்டைக்குள்ளேயே ஓட்டிய காலத்திலிருந்து இந்தத் துறை கற்ற பாடம் ஒன்றுதான்: உயிர் போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை, வழியில். 2001 முதல் 2011 வரை நடந்த போர்களில் இறந்த சுமார் 4,600 அமெரிக்கப் படையினரைப் பற்றி அவர்களின் ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 87 பேர் சிகிச்சை நிலையத்தை எட்டுமுன்பே இறந்திருந்தார்கள். அவர்களில் நால்வரில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடியவர். பிழைத்திருக்கக்கூடியவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு. அவர்களில் சிலருக்காவது மூளைக்கு அறுவை, இதயத்துக்கு அறுவை என்று எதுவும் வேண்டியிருந்திருக்காது. யாராவது முதலில் ரத்தத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

அதனால்தான் இன்று ஒவ்வொரு ஜவானின் பையிலும் கட்டுத்துணிப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. கை, காலில் ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, இரண்டு மூன்று அங்குலம் தள்ளி டூர்னிக்கே என்னும் பட்டையைச் சுற்றி, குச்சியைத் திருகித் திருகி ரத்தம் நிற்கும்வரை இறுக்குவார்கள். வலியில் அலறுவான், தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுதிவிடுவார்கள், அடுத்த மருத்துவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. பிறகு ரெஜிமென்டின் முதலுதவி முகாம், அங்கிருந்து ஹெலிகாப்டரிலோ ஸ்ட்ரெச்சரிலோ அடுத்த முகாம். கார்கிலில் 1,363 பேர் காயம்பட்டார்கள். அந்த மலைகளில் ஹெலிகாப்டர் இறங்க முடியாத இடங்களில் தோள்தான் டோலி. வந்தவாசிக்கும் கார்கிலுக்கும் நடுவே 239 வருடம் ஓடியிருக்கிறது. சில சரிவுகளில் சுமப்பது மட்டும் மாறவில்லை.

இதெல்லாம் ராணுவ சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டு சந்திப்பில் நின்று பாருங்கள், என்னவென்று தெரியும். லாரியில் மோதித் தொடை கிழிந்து கிடப்பவனுக்கும் முன்சான்-னியில் கிடந்தவனுக்கும் ரத்தம் ஒரே வேகத்தில்தான் வெளியேறுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு அரசு செலவில் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கி வைத்ததே பக்கத்து மேல்மருவத்தூரில்தான். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் ஆள் உயிரோடு போய்ச் சேர்ந்த பிறகு. அதற்கு முந்தைய பத்து நிமிடம் டீக்கடைக்காரர் கையில், பங்க்கில் பெட்ரோல் போடும் பையன் கையில் இருக்கிறது. அவர்கள் செய்வது என்ன? தண்ணீர் கொடுக்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தள்ளி நிற்கிறார்கள். உதவியவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு 2019-லேயே வந்துவிட்டது. சுங்கச்சாவடியில் இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பங்குனி உத்திரத் தேருக்கு மயிலத்தில் ஜனம் திரளும். அன்னதானப் பந்தல், நீர்மோர்ப் பந்தல் எல்லாம் போடுவார்கள். இந்த வருடம் கூடுதலாக ஒரு பந்தல் போடட்டும். மயிலம் தமிழ்க் கல்லூரிப் பிள்ளைகளும் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளும் நிற்கட்டும். 108 ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, பழைய வேட்டித் துணியை மடித்துக் காயத்தில் வைத்து உடம்பு கனத்தையெல்லாம் போட்டு அழுத்துவது எப்படி, வண்டி வரும்வரை கையை எடுக்காமல் இருப்பது எப்படி என்று வருகிறவர்களுக்குக் காட்டட்டும். கால் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பந்தலுக்குப் பெயர் வேண்டுமென்றால் ரங்கராஜ் பெயரை வையுங்கள்.