ஈஸ்ட் அலர்ஜியும் இரத்தப் பரிசோதனையும்: ஒரு கடைக்காரன் தெரிந்துகொண்டவை

நான் மருத்துவன் அல்லன். நாற்பது வருஷமாக மும்பையில் பாத்திர வியாபாரம் செய்பவன். வீட்டில் வந்த ஒரு தொல்லையால் தேடிப் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டதையும் நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. அடிக்கடி வயிற்று உப்புசம், வலி. யாரோ சொன்னார்கள் என்று மகன் ஒரு லேபில் அவளுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வந்தான். செலவு பல ஆயிரம். வந்த தாளில் உணவுகளின் பெயர்கள் வரிசையாக பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில். ஈஸ்டுக்கு நேரே சிவப்பு. அன்றோடு ரொட்டி போச்சு, பாவ் போச்சு. "மாவு பொங்குதே, அதுவும் ஈஸ்ட்தானே மாமா?" என்று மருமகள் இட்லி தோசையையும் நிறுத்திவிட்டாள். நாங்கள் சமணர்கள், இரவு உணவு, தேன் என்று விலக்குகள் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் விரதம் வேறு, ஒரு தாளுக்குப் பயந்து பிள்ளையின் தட்டைக் காலி செய்வது வேறு. இரண்டு மாதத்தில் குழந்தை இளைத்ததுதான் மிச்சம்.

நம் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் பல வகை. உடனே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்று வருகிற அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் ஐஜிஇ என்ற வகை. 1966-67இல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், தனியாக ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். இதை அளக்கும் சோதனைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அளவு கூடியிருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. சாப்பிட்டதும் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் தீர்மானிப்பார். ஈஸ்டை உண்பதால் வரும் உண்மையான அலர்ஜி அபூர்வம்.

எங்களுக்கு வந்த தாள் ஐஜிஇ அல்ல, ஐஜிஜி! கடைக் கணக்கில் சொன்னால், ஐஜிஜி என்பது சரக்கு உள்ளே வந்ததற்கான வரவுக் குறிப்பு. சரக்கு கெட்டது என்று அது சொல்லாது. ரொட்டி தின்னும் பிள்ளைக்கு ஈஸ்ட் வரவு இருக்காதா? உணவு அலர்ஜியைக் கண்டறிய இந்த வகைச் சோதனை உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008இலும், கனடா அமைப்பு 2012இலும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. ஈஸ்டுக்கு எதிரான பிறபொருளெதிரியை மருத்துவர்கள் பார்ப்பதும் உண்டு. அது குரோன் என்ற குடல் நோயைக் கண்டறியும்போது துணைக்கு, ரொட்டியை நிறுத்துவதற்கு அல்ல.

இட்லி மாவு விஷயமும் கேளுங்கள். அதைப் பொங்க வைப்பது முக்கியமாக லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. ஈஸ்டும் இருக்கும், ஆனால் அது துணை ஆள்தான்.

கடைசியில் குழந்தை மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, என்ன சாப்பிட்டாள், எப்போது வலித்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினோம். வலி வந்ததெல்லாம் பெரிய டம்ளரில் பால் குடித்த நாட்கள்! சில நாள் பாலை நிறுத்தினோம், வலி நின்றது. மறுபடி கொடுத்தோம், வந்தது. பால் சர்க்கரை செரிக்கவில்லை என்றார் மருத்துவர். அது அலர்ஜியே அல்ல. எந்தப் பிறபொருளெதிரிச் சோதனையிலும் தெரியாது. இப்போது பாலுக்குப் பதில் தயிர். மருமகள் மறுபடி மாவு ஆட்டுகிறாள். நோட்டுக்கு ஆன செலவு இருபது ரூபாய்.